பழைய ஓட்டு வீட்டுக்கு வேலை பார்க்க: நாமே செய்வதா, நாள்கூலியா, காண்ட்ராக்டா?

செங்கோட்டையில் நாங்கள் பழைய ஓட்டு வீடு வாங்கிய செய்தி பரவியதிலிருந்து ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வருகிறது. தென்காசியில் எங்களைப் போலவே வாங்கியிருக்கும் ஒரு கணவன் மனைவி கேட்டார்கள். புளியரையில் தாத்தா வீட்டைத் தன் பங்காக எடுத்துக்கொண்ட சித்தி மகள் கேட்டாள். போன வாரம் பண்பொழியிலிருந்து வரும் டீச்சர், ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டார்: "நீங்க ரெண்டு பேருமே செஞ்சீங்களா, இல்ல ஆள் விட்டீங்களா? எது லாபம்?"

மூன்றையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். சில வேலைகளை நாங்களே செய்தோம், சிலவற்றுக்கு நாள்கூலிக்கு ஆள் வைத்தோம், ஒரு வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டோம். லாபம் ஒன்றையே பார்த்து எடுத்த முடிவுகளில்தான் எங்களுக்கு அதிக நஷ்டம் வந்தது. அதனால் ரூபாய்க் கணக்குக்குப் போவதற்கு முன்னால், எதையெல்லாம் வைத்து எடை போட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவுகோல்கள்

முதல் கேள்வி, தப்பாகிவிட்டால் திரும்பச் செய்ய முடியுமா என்பது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கை அடித்துக்கொள்ளலாம். தரைக்கு அடியில் போன பைப் கசிந்தால் தரையை உடைக்க வேண்டும். மூடி மறைந்துவிடும் வேலை, மறையாத வேலை என்ற இந்தப் பிரிவினைதான் எங்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட உதவியது.

இரண்டாவது, உயிருக்கு ஆபத்து. உயரம், கரண்ட், தூசி மூன்றையும் இதில் சேர்க்கிறேன்.

மூன்றாவது, மழை. செங்கோட்டைக்கு ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். கூரையைப் பிரித்து வேலை செய்ய நிம்மதியான காலம் மாசியிலிருந்து சித்திரை வரைக்கும்தான். வைகாசி பாதியில் மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிடும். வார விடுமுறையில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு, இந்த மூன்று மாதத்தில் சனியும் ஞாயிறுமாகக் கிடைப்பது இருபத்தைந்து நாள் சொச்சம்.

நான்காவதாக, அந்த வீட்டின் பொருள் தெரிந்த கை வேண்டும். எங்கள் மூலப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டு 1112 என்று இருக்கிறது, அதாவது 1936-37. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. வீடும் மலைக்கு அந்தப் பக்கத்து, அதாவது கேரளத்து முறையில் கட்டியதுதான். சரிவான ஓட்டுக் கூரை, மர உத்தரம், சுண்ணாம்புக் காரை பூசிய சுவர். சிமெண்டும் கான்கிரீட்டும் மட்டுமே கலந்து பழகிய கைக்கு இந்த வீடு பிடிபடாது.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். மொத்தப் பணம் என்று பார்க்க வேண்டும். கூலி அதில் ஒரு பங்குதான்.

நாமே செய்வது

இதில் ஆசை அதிகம், எங்களுக்கும் இருந்தது. சாவி வாங்கிய மறு வாரமே ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தோம். சுவரில் ஓதம் ஏறியிருந்தது, இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கடையில் கேட்டு, தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கும் விலை கூடிய எமல்ஷனை வாங்கி இரண்டு கோட் அடித்தோம். ஒரு மாதம் கண்ணாடி போல இருந்தது. சாரல் தொடங்கிய மூன்றாவது வாரம் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே ஈரம். கீறினால் பெயிண்டோடு காரையும் சேர்ந்து மாவாக உதிர்ந்தது. மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்த வழியை நாங்கள் பெயிண்டால் அடைத்துவிட்டோம். பெயிண்டுக்கு ஆன செலவும், அதைச் சுரண்டிய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் எங்கள் கணக்கில் முதல் நஷ்டம். ஆனாலும் இது சரிசெய்ய முடிந்த தவறு. சுரண்டி, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, வெறும் சுண்ணாம்பு அடித்தோம். இப்போது நன்றாக இருக்கிறது.

நாமே செய்ய ஏற்ற வேலைகள் பழைய வீட்டில் நிறைய உண்டு. சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலைச் சுரண்டி எண்ணெய் கொடுப்பது, ஓடு கழுவுவது, கொல்லைப்புறத்தில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் வெட்டிவிடுவது எல்லாம் இதில் வரும். கடைசியாகச் சொன்னது சின்ன வேலை போலத் தோன்றும். ஆனால் சுவரோரம் தேங்கிய மழைநீரை இரண்டு அடி தள்ளி ஓட விட்டதிலேயே எங்கள் அடுப்படிச் சுவரின் ஓதம் பாதி குறைந்தது. மண்வெட்டி ஏற்கெனவே இருந்தது, செலவே இல்லை.

கதவு வேலையில் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். முதலாவது, பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் படியும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. ஈரமாக்கிச் சுரண்டுங்கள், முகத்தில் நல்ல மாஸ்க் இருக்கட்டும், சுரண்டியதைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள். மூன்றாவது, கரையானுக்காகக் கொல்லம் பக்கத்திலிருந்து கொல்லாங்கொட்டை எண்ணெய் வாங்கி அடிப்பவர்கள் இங்கே உண்டு. நல்ல மருந்துதான், ஆனால் தோலில் பட்டால் வெந்து புண்ணாகிவிடும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு சம்பளப் பிடித்தம். என் கணவர் தனியார் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். லீவு கூடினால் சம்பளம் குறையும். நாலு நாள் லீவில் போகும் பணத்துக்கு ஒரு கொத்தனாரை நாலு நாள் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கருவிகள். ஒரே ஒரு வேலைக்காக வாங்கிய கிரைண்டர் அதற்குப் பிறகு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இதைவிடப் பெரியது, பாதி வேலையில் நிற்கும் வீட்டுக்குள் குடியிருப்பது. அடுப்படியில் சிமெண்ட் மூட்டை, படுக்கை மேல் தூசி, இரண்டு பேருக்கும் களைப்பு. அந்த மூன்று மாதத்தில் நாங்கள் போட்ட சண்டை, அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் போட்டதில்லை. இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாள்கூலிக்கு ஆள் வைத்து, கூடவே நாமும் நிற்பது

கூரையை நாங்கள் இப்படித்தான் செய்தோம். 700 சதுர அடிக் கூரை. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குப் பதினைந்து வீதம், ஏறக்குறைய ஆயிரம் ஓடு. ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தால்கூட இரண்டரை டன்னைக் கீழே இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே, நாங்கள் இருவர் மட்டும் செய்வது என்ற பேச்சு முடிந்தது.

காண்ட்ராக்ட் பேசிய ஒருவர் 78,000 ரூபாய் சொன்னார். அவர் எல்லா ஓட்டையும் மாற்றிவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தார். நாங்கள் இரண்டு ஆசாரிகளை நாள்கூலிக்கு வைத்தோம். அவர்களுக்கு ஒரு கையாள். மற்ற இரண்டு கையாள் நானும் என் கணவரும். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கு முடிந்தது.

மூத்த ஆசாரிக்கு அறுபது வயதிருக்கும். முதல் நாள் காலையில் ஒரு ஓட்டை இடது உள்ளங்கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "கிண்" என்று மணி போலச் சத்தம் வந்தது. அடுத்ததைத் தட்டினார், "டப்" என்று அமுங்கியது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். "இதுல ஒரு மயிர்க்கோடு இருக்கும் டீச்சர். இப்ப தெரியாது. ஆடி மாசம் தெரியும் பாத்துக்கிடுங்க" என்றார். அந்த ஓட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து வெயிலில் வைத்தேன். மேலெல்லாம் காய்ந்த பிறகும் விரிசல் இருந்த கோடு மட்டும் கறுப்பாக நின்றது.

அப்புறம் மூன்று நாள் என் வேலை அதுதான். இறக்கிய ஓட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துப் பாசியைக் கழுவுவது, தட்டிப் பார்ப்பது, நல்லது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம் அடுக்குவது. ஆயிரத்தில் 820 தேறியது. 180 ஓடுதான் வாங்க வேண்டியிருந்தது. புனலூர்ப் பக்கம் பழைய வீடு இடித்த இடத்திலிருந்து அதே அளவில் பழைய ஓடே கிடைத்தது. புது ஓடு வாங்கினால் கவ்வும் பள்ளம் பழையதோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம். வாங்குவதற்கு முன் வீட்டு ஓடு இரண்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

ஆன செலவை அப்படியே தருகிறேன். ஆசாரிகள் இருவருக்கு ஆறு நாள், ஆளுக்கு 1,100 வீதம் 13,200. கையாளுக்கு ஆறு நாள் 4,200. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் மரம் 16,500. ஓடு 6,300. ஆணி, தகரம், வண்டி வாடகை 4,800. மொத்தம் 45,000. காண்ட்ராக்ட் பேச்சைவிட 33,000 குறைவு. நாங்கள் இருவரும் கையாளாக நின்றதில் மிச்சமான கூலி 8,400 மட்டும்தான். மீதி மிச்சத்தில் பெரும்பங்கு, பழைய ஓட்டைத் தூக்கி எறியாததால் வந்தது. கூலியில் ஆன மிச்சத்தைவிட, பக்கத்தில் நின்று பார்த்ததால் ஆன மிச்சம் பெரிது.

இந்த வழிக்கு உள்ள தொல்லை, ஆள் கிடைப்பது. மலைக்கு அந்தப் பக்கம் கூலி அதிகம். நம் ஊர்க் கொத்தனார்களும் ஆசாரிகளும் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே புனலூர், கொல்லம் என்று போய்விடுகிறார்கள். அங்கே மழை பிடித்து வேலை நிற்கும்போது ஆள் ஊரில் இருப்பார், ஆனால் அப்போது நம் கூரையையும் பிரிக்க முடியாது. தை மாதத்திலேயே நாள் சொல்லி வைத்தால்தான் பங்குனியில் வருவார்கள். இன்னொன்று, நாள்கூலியில் பொருள் வாங்கித் தரும் பொறுப்பு நம்முடையது. காலை ஒன்பது மணிக்கு ஆணி இல்லை என்றால் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார், கூலி ஓடிக்கொண்டிருக்கும். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துவிடுங்கள்.

கூரைமேல் ஏறுவதை நாங்கள் ஆசாரிகளுக்கே விட்டோம். கூரையைத் தாங்கும் சரிவு மரமான கைமரம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்து, அதன் மேல் பலகை போட்டுக் கால் வைக்கத் தெரிய வேண்டும். நடு ஓட்டில் மிதித்தால் ஓட்டோடு ஆளும் கீழே வருவார்.

காண்ட்ராக்டுக்கு விடுவது

குளியலறையை முழுக் காண்ட்ராக்டுக்கு விட்டோம். பொருளும் கூலியும் அவர்களுடையது. இருபது நாளில் முடித்துத் தந்தார்கள், எங்களுக்கு ஒரு லீவும் போகவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை இருக்கிறது, அல்லது வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைச் சரிசெய்கிறீர்கள் என்றால் இந்த வழியைத் தயங்காமல் எடுங்கள். கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் போல ஒரே மூச்சில் தொடர்ந்து முடிக்க வேண்டிய வேலைக்கும் இதுதான் நல்லது.

குறை வேறு இடத்தில் வந்தது. குளியலறையின் வெளிச்சுவரில் பழைய காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். நாங்கள் வேண்டாம் என்று எழுதி வாங்கவில்லை, அது எங்கள் தவறு. இரண்டு மழைக்காலம் போனதும் சிமெண்ட் பூச்சு பலகை பலகையாகக் கழன்றது. அதன் பின்பக்கத்தில் பழைய செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மெத்தென்ற பழைய செங்கல் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். கழலும்போது செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். போன செங்கல் முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காண்ட்ராக்ட் பேசினால் சிலவற்றைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு, பழைய பொருளில் எது திரும்ப வைக்கப்படும், இடித்த மண்ணை யார் அள்ளுவது, பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி பேசிய தொகைக்குள் அடக்கமா இல்லையா. இடித்தெடுத்த பழைய மரம் யாருக்கு என்பதையும் முதல் நாளே பேசுங்கள். எண்பது வருஷத்துத் தேக்கும் வேங்கையும் "கழிவு" என்ற பெயரில் வண்டியேறிவிடும். தொகையில் பத்தில் ஒரு பங்கை முதல் மழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்ள வையுங்கள். நல்ல ஆட்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாமே | நாள்கூலி, கூடவே நாம் | காண்ட்ராக்ட் |
|---|---|---|---|
| தவறு தெரிய வருவது | சில சமயம் மழையில்தான் தெரியும், ஆனால் திரும்பச் செய்யலாம் | வேலை நடக்கும்போதே தெரியும் | பூசி மூடிய பிறகு, பெரும்பாலும் மழையில் |
| ஆபத்து | முழுக்க நம்மேல் | பழகிய கை, நாம் கீழே | அவர்கள் பொறுப்பு, பேசி எழுதியிருந்தால் |
| மழைக்கு முன் முடியுமா | பெரிய வேலை முடியாது | ஆள் முன்பே சொல்லி வைத்தால் முடியும் | பெரும்பாலும் முடியும் |
| பழைய பொருள் மிஞ்சுவது | நம் பொறுமையைப் பொறுத்தது | அதிகம் | குறைவு |
| மறைமுகச் செலவு | சம்பளப் பிடித்தம், கருவி, இரட்டை வேலை | பொருள் தாமதம், சும்மா போகும் கூலி | மாற்றிச் சொன்னால் கூடுதல் தொகை, போகும் மரம் |
| ஏற்ற வேலை | சுண்ணாம்பு, கதவு, வாட்டம் | கூரை, காரைப் பூச்சு, மர வேலை | குளியலறை, கழிவுநீர், செப்டிக் டேங்க் |

தனியாகச் சொல்ல வேண்டிய இரண்டு

ஒன்று கரண்ட். எங்கள் வீட்டில் மரக்கட்டை மேல் ஓடிய பழைய வயரிங், எர்த் இல்லை. இதில் செலவை ஒப்பிடவே வேண்டாம், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். மெயினில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே நிறுத்திவிடும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது நீங்களே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் கரண்ட் போக வேண்டும். நம் பங்கு, எந்த இடத்தில் எத்தனை பாயிண்ட் என்று சுவரில் சாக்பீஸால் குறிப்பதும், பைப் பதித்து மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைப்பதும்தான். ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் உதவுகிறது.

இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். பழைய வீடுகளில் பின்கட்டுக்கு அந்த ஷீட்தான் போட்டிருப்பார்கள். அது முழுசாக இருக்கும் வரை தொந்தரவு குறைவு. உடைத்தாலோ, துளை போட்டாலோ, அறுத்தாலோ வரும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கும். அது நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுவிடும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். மேலே இருந்து தூக்கிப் போட ஆள் வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் அடுத்த வேலை

வரும் பங்குனியில் குளியலறை வெளிச்சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்புக் காரையே பூசப்போகிறோம். நாள்கூலிக்குக் கொத்தனார் ஒருவர், கையாளாக நாங்கள். சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் நீற்றும் வேலையைப் போன மாதமே தொடங்கிவிட்டோம். தண்ணீர் நிறைந்த இரும்பு டிரம்மில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார் என் கணவர். சில நிமிஷத்தில் தண்ணீர் சோற்றுப் பானை போலக் கொதித்தது. கண்ணாடி மாட்டாமல் அதன் பக்கத்தில் போகக் கூடாது. கண்ணில் தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். கல்லைத்தான் தண்ணீரில் போட வேண்டும், கல் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. இப்போது அது ஆறி, தயிர் போல உறைந்து, மேலே ஒரு சாண் தண்ணீரோடு மூடிக் கிடக்கிறது. எத்தனை நாள் கிடக்கிறதோ அவ்வளவு நயமாகும். காரையில் சேர்க்கும் கடுக்காயையும் கருப்பட்டியையும் பூசுவதற்கு முந்தைய வாரம் ஊறப்போட வேண்டும்.

கொத்தனாருக்குத் தை இரண்டாம் வாரமே நாள் சொல்லியாயிற்று. பண்பொழி டீச்சரும் அவர் கணவரும் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய துணியில் வாருங்கள், ஆளுக்கு ஒரு சாந்துச் சட்டி எடுத்து வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.